பன்னிரண்டாவது கட்டை

கணக்கு சார் தம்முடைய இருபத்தாறு வருஷ வேலையில் ஒரே ஒரு தடவைதான் ஒரு பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு தடவைக்குத்தான் அவரை மேடையேற்றிப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். மற்றபடி சரியாகச் சொல்லிக்கொடுத்த நாட்களுக்கெல்லாம் விளக்கம் கேட்டுக் கடிதங்கள்தான் வந்திருக்கின்றன. கடிதங்களை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார். பாராட்டுப் பத்திரம் எங்கே என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய வகுப்பறை பள்ளிக்கூட மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் குடியிருந்த இடம். துடைப்பத்தை வெளியேற்றிவிட்டு, ‘சிறப்புத் தேவை மாணவர் கணித மேம்பாட்டு மையம்’ என்று ஒரு பலகையை மாட்டினார்கள். பலகை கதவைவிட அகலமாக இருந்ததால் ‘மேம்பாட்டு மையம்’ பக்கத்துச் சுவரில் கிடந்தது. மேலே யாராவது படியிறங்கினால் உள்ளே எல்லாருடைய தலையிலும் சுண்ணாம்பு உதிரும். சார் ஏழு வருஷமாகத் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டே கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த அறைக்கு வருகிறவர்கள் கணக்கு லேசில் ஏறாத பிள்ளைகள். ஒருவனுக்கு எண்கள் தாளில் ஓரிடத்தில் நிற்காது. இன்னொருத்திக்கு ஐந்துக்கு மேல் எல்லாமே ‘நிறைய’. சிட்டு என்று எல்லாரும் கூப்பிட்ட பெண் பதினாலு வயதில் அங்கே வந்து சேர்ந்தாள். அவளுக்கு எண்கள் பாட்டு மாதிரித் தெரியும். ஒன்றில் ஆரம்பித்தால் இருபதில் மூச்சு வாங்குவாள். முன்னால் மூன்று பொத்தான் இருந்தாலும் இருபது, முப்பது இருந்தாலும் இருபது. பாட்டுக்கும் பொத்தானுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சார் அவளுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். தொடு, நகர்த்து, சொல். ஒரு பொத்தானைத் தொட்டால் ஒரு எண். தொடாததற்கு எண் கிடையாது. நகர்த்தியதை மறுபடி தொடக்கூடாது. கேட்பதற்கு இவ்வளவுதானா என்று இருக்கும். இது அவளுக்குள் போய் உட்கார ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயிற்று. ஒருநாள் ஏழு பொத்தானை நகர்த்தி முடித்துவிட்டு, கையைத் தூக்கி, “ஏழு. ஏழுதான் சார். எட்டு இல்ல” என்றாள். எட்டு இல்லை என்று அவளாகச் சொன்னாள் பாருங்கள். சார் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று போனாள். பன்னிரண்டு வந்தால் போதும் என்று சார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது.

சிட்டுவுக்கு அம்மா மட்டும்தான். சலவைக்கடையில் துணி தேய்க்கிற வேலை, காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை. வருஷக் கடைசியில் சிட்டுவுக்குப் பதினெட்டு முடிகிறது. பள்ளிக்கூடம் அதோடு சரி. ஒருநாள் அந்த அம்மா வகுப்பறை வாசலில் நின்று, பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் காட்டினாள்.

“சார், லீவு நாள்ல எல்லாம் இவள உள்ள வச்சு இதப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்து திறந்தா, காலையில எங்க உக்காந்திருந்தாளோ அங்கயே உக்காந்திருக்கா. ஒரு வாரம், ரெண்டு வாரம்னா மனசக் கல்லாக்கிக்கலாம். ஆயுசு பூராவும் எப்பிடி சார் பூட்டுவேன்?”

சார் அன்று மாலையே ஊரின் மறுகோடியில் இருந்த மெழுகுவர்த்திப் பட்டறைக்குப் போனார். முதலாளியம்மா நல்ல மனுஷி. சிட்டுவை ஒருநாள் அழைத்துவரச் சொன்னாள். சிட்டு வந்ததும் அவள் முன்னால் மெழுகுவர்த்திக் குவியலையும் ஐந்து காலி அட்டைப்பெட்டிகளையும் வைத்தாள். சிட்டு தொட்டாள், நகர்த்தினாள், சொன்னாள். ஐந்து பெட்டியிலும் பன்னிரண்டு, பன்னிரண்டு.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். பெட்டிக்குப் பன்னிரண்டு இருந்தாப் போதும். ஆனா கல்வித்துறையோட எண்ணிக்கைச் சான்றிதழ் இல்லாம இந்த மாதிரிப் பிள்ளைங்கள வேலைக்கு வச்சா என் பட்டறைய மூடிடுவாங்க. அத மட்டும் வாங்கிட்டு வந்திடுங்க. மறுநாளே வரட்டும்” என்றாள்.

சான்றிதழ்தானே, அதற்கென்ன என்று சார் நினைத்தார். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அப்படி நினைத்திருக்கக்கூடாது.

மதிப்பீட்டுக்குத் துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். மெல்லிய குரல், மாறாத புன்னகை. கையில் நீலநிற மரப்பெட்டி. இழுத்துத் திறக்கிற மூடி. அதன் மேல் ‘மதிப்பீட்டுப் பெட்டி - சான்றளிக்கப்பட்டது’ என்று முத்திரை. நூலகத்தில் சிட்டுவை உட்காரவைத்து, பெட்டியைக் கவிழ்த்தார். மஞ்சள் மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் துறையின் சின்னம். விதிப்படி ஆசிரியர் வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பேசக்கூடாது, சைகை கூடாது, இருமினால் காரணம் எழுதித் தர வேண்டும்.

சிட்டு தொட்டாள், நகர்த்தினாள், சொன்னாள். “ஒம்போது... பத்து... பதினொண்ணு.” கையைத் தூக்கிவிட்டாள்.

“அப்புறம்?” என்றார் மதிப்பீட்டாளர்.

“அவ்வளவுதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

சிட்டு நல்லாவே யோசித்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். மடியைத் தட்டிப் பார்த்தாள். “இல்ல. பதினொண்ணு. பன்னிரண்டு இல்ல.”

மதிப்பீட்டாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வெளியே வந்து, “ஒண்ணே ஒண்ணுல போயிடுச்சு சார். சரியான விடை பன்னிரண்டு. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்லுங்க. நாப்பது நாள்ல மறுவாய்ப்பு உண்டு, அதான் கடைசி” என்றார்.

சார் கண்ணாடி வழியாக மூன்று தடவை எண்ணியிருந்தார். “மேடம், அங்க இருக்கிறதே பதினொண்ணுதான். நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.”

மதிப்பீட்டாளர் சட்டென்று உள்ளே ஓடிக் கட்டைகளின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டார். “ஐயோ, அதெப்படி சார்? எண்ணுறது பிள்ளையோட வேலை. நான் எண்ணினா அது உதவி செஞ்ச மாதிரி ஆயிடும். ஒம்போது வருஷமா இந்தப் பெட்டியத் தூக்கிட்டு அலையுறேன், ஒரு நாள் ஒரு கட்டையக்கூட எண்ணினது கிடையாது. நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

சார் வகுப்புக்கு ஓடி, தம்மிடமிருந்த ஒரு மஞ்சள் கட்டையை எடுத்துவந்து நீட்டினார். அதை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். “இதுல சின்னம் இல்லையே சார். பெட்டிக்குள்ள அந்நியப் பொருள் போட்டா மதிப்பீடு ரத்து. பிள்ளையோட எதிர்காலத்தோட விளையாடாதீங்க.” பத்துப் பன்னிரண்டு கட்டைகளுக்கு நடுவே சின்னம் இல்லாத கட்டை கண்ணுக்குத் தெரிகிறது. கட்டை இல்லாதது மட்டும் தெரிவதில்லை.

மறுநாளிலிருந்து சார் துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பெட்டிகளுக்குப் பொறுப்பான கிடங்கு எழுத்தர், பதிவேட்டைப் புரட்டி விரலை ஓட்டினார்.

“பெட்டி எண் நாலு. கட்டைகள் பன்னிரண்டு. இந்தப் பக்கம் பூரா கையெழுத்து, பாருங்க. இருபத்து மூணு பேர் பன்னிரண்டுன்னு போட்டிருக்காங்க. எல்லாம் பட்டம் வாங்கினவங்க. பதினொண்ணுன்னு சொல்றது யாரு? நீங்களும், உங்க அந்தப் பொண்ணும். அந்தப் பொண்ணுக்குக் கணக்கு வராதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?”

சார்தான் எழுதிக் கொடுத்திருந்தார், மூன்று வருஷத்துக்கு முன்னால்.

“இதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியில தேறினவங்க உண்டா?” என்று கேட்டார்.

“இல்லாம? போன வருஷம் மட்டும் நாலு பேர். உங்க பள்ளிக்கூடத்திலயே ஒருத்தன்.”

அந்த ஒருவனை சாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எதை வைத்தாலும் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறவன். நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவான். அவன் தேறியதில் சாருக்கே ஆச்சரியம். அதே வருஷம், ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிய இரண்டு பெண்கள் தோற்றுப்போனார்கள். ‘இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்’ என்று அவர்களைத் திட்டி அனுப்பியது யார்? சார்தான். அந்த இரண்டு பெண்களும் இப்போது எந்த வீட்டில் எந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறார்களோ.

இருபத்தெட்டு நாள் அலைந்தபின், காலில் விழாத குறையாகக் கெஞ்சியபின், ‘பெட்டிச் சரிபார்ப்புக் குழு’ கூடியது. தலைவர் இயக்குநர்; உறுப்பினர்கள் இருவர், ஒருவர் கட்டடப் பிரிவு, ஒருவர் மொழிப் பிரிவு. கணக்குப் பிரிவிலிருந்து யாரையும் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். இயக்குநர் அறையில் வழுவழுப்பான பெரிய மேசை. அதன் நடுவில் பெட்டி. பெட்டியைத் திறந்து கட்டைகளைக் கொட்டினார்கள். கொட்டிவிட்டு மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஐயா, எண்ணிடலாமே. பத்து நொடி வேலை” என்றார் சார்.

“அவசரப்படக் கூடாது” என்றார் இயக்குநர். “எண்ணுறதுன்னா சும்மாவா? பிரிவு ஏழு என்ன சொல்லுதுன்னா, துறையின் பொருட்களை எண்ணிச் சரிபார்க்க எண்ணிக்கைச் சான்றிதழ் பெற்றவருக்கு மட்டும்தான் அதிகாரம். உங்ககிட்ட இருக்கா?”

“எனக்கா? நான் கணக்கு வாத்தியார் ஐயா.”

“சொல்லிக்குடுக்கிற சான்றிதழ் இருக்கும். எண்ணுற சான்றிதழ் இருக்கா?”

இல்லை. கட்டடப் பிரிவுக்காரரும் தம்மிடம் இல்லை என்றார். மொழிப் பிரிவுக்காரர் வெட்கத்தோடு தலையை ஆட்டினார். இயக்குநரிடமும் இல்லை; ஆனால் அவர் அதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

படபடப்பில் சாரின் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மேசையின் இடது முன்காலுக்கு அடியில், தரைக்கும் காலுக்கும் நடுவே, முட்டுக் கொடுத்து வைத்திருந்தது ஒரு மஞ்சள் மரக்கட்டை. பக்கவாட்டில் துறையின் சின்னம்.

“ஐயா! பன்னிரண்டாவது கட்டை! இதோ இருக்கு! மேசைக் காலுக்குக் கீழ!”

யாரும் குனியவில்லை. கட்டடப் பிரிவுக்காரர் நிதானமாக விளக்கினார். “அது மேசையோட பாகம் சார். தளவாடப் பதிவேட்டுல ‘மேசை ஒன்று, ஆடாதது’ன்னு இருக்கு. அத எடுத்தா மேசை ஆடும். பதிவேடு பொய்யாயிடும்.”

“அது பெட்டியில இருந்த கட்டைங்க. சின்னம்கூட இருக்கு.”

“அப்பிடி வாங்க” என்றார் இயக்குநர். “பெட்டியில பன்னிரண்டு. பதிவேடு சொல்லுது. மேசைக்குக் கீழ ஒண்ணு. நீங்க சொல்றீங்க. ஆக மொத்தம் பதிமூணு. துறை பதிமூணு கட்டை வாங்கவே இல்லையே! வாங்காத கட்டை எப்பிடி மேசைக்குக் கீழ வரும்? அதனால அங்க கட்டை இல்ல.”

சாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து கட்டையைப் பிடித்து இழுத்தார். வந்தும்விட்டது. மேசை ஒருபக்கம் சாய்ந்தது. நாலு கோப்பை டீயும் கோப்புகளின் மேல் கவிழ்ந்தது. மூன்று பேரும் எழுந்து நின்று, நெருப்புப் பிடித்ததைப்போலக் கத்தினார்கள். சார் கையிலிருந்த கட்டையை மொழிப் பிரிவுக்காரரே வாங்கித் திரும்ப முட்டுக் கொடுத்தார். இரண்டு ஆள் மேசையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு ஆள் சார்.

“சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்க” என்றார் இயக்குநர்.

வந்தவர் அந்த அலுவலகத்தில் டீ கொண்டுவருபவர். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்தக் காலத்திலோ இதே மதிப்பீட்டில் தேறி, சான்றிதழ் வாங்கி, அதன் பேரிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அலுவலகத்தில் அவரை ‘டஜன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மேசைமேல எத்தனை கட்டை?”

“பன்னிரண்டு ஐயா” என்றார் டஜன். கட்டைகள் பக்கம் பார்க்கவே இல்லை; டீ கொட்டிய இடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தீர்மானம்” என்றார் இயக்குநர். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சார் மீது ‘தளவாடத்தைச் சேதப்படுத்த முயன்றது’ என்று ஒரு குறிப்பும் எழுதினார்கள்.

வராந்தாவில் சார் சுவரில் சாய்ந்து நின்றார். டஜன் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

“பதினொண்ணுதான் சார்” என்றார், மெதுவாக.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம என்ன? ஒண்ண மேசைக்குக் கீழ வச்சதே நான்தான். ஐயா கையெழுத்துப் போடறப்ப மேசை ஆடுதுன்னாரு. எதையாவது வைடான்னாரு. பெட்டி பக்கத்துல இருந்துச்சு.”

“அத உள்ள சொல்லியிருக்கலாமே!”

“கேட்டாங்களா? எத்தனைன்னுதான் கேட்டாங்க.” டஜன் துணியை உதறினார். “மொத மொத எனக்கு மதிப்பீடு வச்சப்ப, அது வேற பெட்டி, எட்டுக் கட்டைதான் இருந்துச்சு, எட்டுன்னு சொன்னேன். தோத்துட்டேன்னாங்க. அப்புறம் ஒருநாள் புரிஞ்சுது. அவங்க கட்டையக் கேக்கல சார். அவங்க மனசுல இருக்கிறதக் கேக்கறாங்க. அதச் சொல்லிட்டாக் குடும்பம் நடத்தலாம். உங்க பொண்ணுக்கும் அதச் சொல்லிக்குடுங்க.”

சார் அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே நடந்தார். மறுநாள் அம்மாக்காரி வாசலில் வந்து நின்றாள். “நாள் இருக்கில்ல சார்? கிடைச்சிடும்ல?” என்றாள். பையில் பூட்டு கிணுங்கியது. மறுவாய்ப்புக்குப் பத்து நாள் இருந்தது.

கணக்கு சார் அன்றைக்குத்தான் அந்தப் பாடத்தை ஆரம்பித்தார்.

மேசையில் பதினோரு கட்டை வைத்தார். “கடைசிக் கட்டை நகர்த்தினப்புறம், வெறும் மேசைய ஒரு தட்டுத் தட்டு. தட்டிட்டுப் பன்னிரண்டுன்னு சொல்லு.”

சிட்டு அவரையே பார்த்தாள். “அங்க ஒண்ணும் இல்ல சார்.”

“பரவாயில்ல, சொல்லு.”

“தொடாததுக்கு எண் கிடையாது சார்.” அவருடைய வார்த்தை, அவருடைய ஏற்ற இறக்கத்தோடு வந்தது.

முதல்நாள் அவள் மேசைக்கு அடியில் போய்த் தேடினாள். இரண்டாம் நாள் தன் பையிலிருந்து ஒரு பொத்தானைக் கொண்டுவந்து, இல்லாத இடத்தில் வைத்து, “இப்பப் பன்னிரண்டு” என்று சிரித்தாள். சார் அந்தப் பொத்தானைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் சார் முதல்முறையாக அவளிடம் கத்தினார். மாடிப்படியில் யாரோ இறங்கிப் போனார்கள், இருவர் தலையிலும் சுண்ணாம்பு உதிர்ந்தது, இருவருமே தட்டிவிட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் சார் சொல்வதை நிறுத்திவிட்டார். கட்டைகளைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. சிட்டு தலையைச் சாய்த்துச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெறும் மேசையைத் தன் விரலால் மெதுவாகத் தட்டினாள்.

“பன்னிரண்டு” என்றாள். “அழாதீங்க சார். பன்னிரண்டு.”

அவளுக்குப் புரிந்து சொல்லவில்லை. அவருக்காகச் சொன்னாள். அது சாருக்கும் தெரியும். தெரிந்தும், “கெட்டிக்காரி” என்று தலையைத் தடவிக்கொடுத்தார்.

மறுமதிப்பீட்டில் அதே அம்மாள், அதே பெட்டி. சிட்டு பதினொன்று வரை வந்தாள். கை அந்தரத்தில் நின்றது. திரும்பிக் கதவுக் கண்ணாடியில் சாரின் முகத்தைப் பார்த்தாள். சார் சைகை செய்யவில்லை, இருமவில்லை. முகத்தை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பார்? சிட்டு வெறும் மேசையைத் தட்டினாள்.

“பன்னிரண்டு.”

“அப்பாடா!” என்றார் மதிப்பீட்டாளர். அவருக்கும் கண்ணில் நீர். “நான் அப்பவே சொல்லல? கொஞ்சம் முயற்சி பண்ணினா முடியும்னு.”

விழா துறையின் அரங்கில் நடந்தது. சிட்டுவுக்குச் சான்றிதழ், சாருக்குப் பாராட்டுப் பத்திரம். அம்மாக்காரி சலவைக்கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“நாற்பது நாளுக்கு முன்னால் இந்தக் குழந்தைக்குப் பதினொன்றுதான் தெரியும். இன்றைக்குப் பன்னிரண்டு தெரியும். இடையில் என்ன மாறியது? பெட்டி மாறவில்லை. கட்டை மாறவில்லை. துறையில் எதுவுமே மாறவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். குழந்தைதான் மாறியது. சிலர் எங்களிடம் வந்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார்கள். இருப்பதை யார் வேண்டுமானாலும் எண்ணலாம், ஐயா! இல்லாததையும் சேர்த்து எண்ண வைக்கிறோமே, அதுதான் இந்தத் துறையின் சாதனை!”

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. பின்வரிசையில் டீத்தட்டோடு நின்ற டஜனும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். அதே மேடையில், சான்றிதழ் பெற்றவருக்கு மேற்கொண்டு எண்ணச் சொல்லிக்கொடுப்பது சான்றிதழை அவமதிப்பதாகும் என்று எழுதிய தாளில் சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சிட்டு மறுநாளே பட்டறையில் சேர்ந்தாள். அம்மாக்காரி அன்று காலை பூட்டை எடுத்துச் சமையலறையில் மேல் தட்டில், பாத்திரங்களுக்குப் பின்னால் போட்டாளாம். சாரிடம் சொல்லிச் சிரித்தாள்.

எட்டாம் நாள் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. சார் பள்ளியிலிருந்து நேராக ஓடினார். முதலாளியம்மா, சிட்டு வேலை செய்யும் மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். சிட்டு மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெட்டிக்குள் நகர்த்தினாள். பத்து. பதினொன்று. பிறகு வெறும் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். “பன்னிரண்டு.” மூடியைப் போட்டாள். தலையை ஆட்டி ஆட்டி, சந்தோஷமாக அடுத்த பெட்டியை எடுத்தாள்.

“கடைக்காரங்க எல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க சார். அன்னிக்கு வந்தப்ப அஞ்சு பெட்டியும் சரியாப் போட்டாளே, நானே பாத்தேனே. அப்புறம் இவளுக்கு என்ன ஆச்சு?”

முதலாளியம்மா ஒரு கடிதத்தை நீட்டினாள். துறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். வாழ்நாளில் முதல்முறையாகத் துறை மறுநாளே பதில் போட்டிருந்தது. ‘சான்றிதழ் பெற்றவரால் நிரப்பப்பட்டதால் பெட்டியில் இருப்பது பன்னிரண்டே ஆகும். பதினொன்றாகக் காண்போர் தகுந்த படிவத்தில் விண்ணப்பித்தால் அவர்களுக்கும் மதிப்பீடு செய்யப்படும்.’

“எனக்கு இந்தப் பொண்ணு மேல கோபமே இல்ல சார். ஆனா பட்டறைய நான் நடத்தணும்ல? நாளையிலேர்ந்து வேணாம்.”

“ஒரு வாரம் குடுங்க. சரி பண்ணிடறேன். நான்தான்... நான் சரி பண்ணிடறேன்மா.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “சாயங்காலம் வரைக்கும் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அம்மாக்காரி மகளைக் கூட்டிப்போக வந்துவிடுவாள். சார் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, சிட்டுவுக்கு எதிரில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் ஞாபகம் வந்தது. போகட்டும் என்று விட்டார். பெட்டியை ஒதுக்கிவிட்டு, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்று மெழுகுவர்த்திகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். சட்டைப்பையில் கைவிட்டார், அன்று பிடுங்கிய பொத்தான் இன்னும் அங்கேயே கிடந்தது. அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“எத்தனைன்னு சொல்லு கண்ணு. தொடு, நகர்த்து, சொல்லு.”

சிட்டுவின் கை மடியை விட்டு எழவில்லை. மெழுகுவர்த்திகளையோ பொத்தானையோ அவள் பார்க்கவுமில்லை. தலையைச் சாய்த்து, சாரின் முகத்தை, அந்தக் கண்களை, உன்னிப்பாகத் தேடினாள். நல்ல பிள்ளை, அவர் மனம் கோணக்கூடாது என்று அவளுக்கு ஆசை.

“எத்தனைன்னு சொல்லணும் சார்?” என்றாள்.